பாலைச் சின்னீர்

சங்க அகப்பாடல்களுள் எண்ணால் மிக்கது பாலைத்திணை. அகநானூற்றின் 400 பாட்டுகளுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டும் பாலையாகும். கலித்தொகையுள் 35 பாட்டும், ஐங்குறுநூற்றுள் ஓதலாந்தையார் பாடிய 100 பாட்டும் அத்திணையின. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பயில்வனவும் பல. இவற்றைக் கற்பார் பெரும்பாலும் முதற்கண் கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. பாலையாவது நீரற்ற நிலம். ஆதலின் பாலைப்பாட்டு வறட்சியின் பாட்டு என்பதே அது. இக்கருத்தினை முற்றும் பிழையென மறுத்தல் ஈண்டு நோக்கமன்று. அது குறையுடையது என்று காட்டுதலே நோக்கம்.

பாலைப் பாட்டுகளைத் தொடர்ந்து பயின்றால் ஓர் உண்மை புலப்படும். நீரே இல்லை என்று சொல்லி அமையும் பாட்டுகள் உள. ஆயின் புலவர் தம் திறம் முழுதும் காட்டும் இடங்கள் நீர் சிறிதே இருக்கும் இடங்களாகும். வற்றிய சுனையின் அடியில் கலங்கிக் கிடக்கும் நீர், ஆனிரைக்கென இறைத்து வைத்த நீர், யானை மிதித்த குழியில் தேங்கிய நீர் எனப் பலவகையாகச் சின்னீர் பாலையுள் வருகின்றது. நீர் முற்றும் இல்லாதவிடத்து மாந்தர் செய்தற்குரியது ஒன்றும் இல்லை. நீர் மிக்கவிடத்தும் ஆராய்தற்கு ஒன்றும் இல்லை. நீர் சிறிதாயவிடத்தே, அதனைக் காண்பவர் யார், அகழ்ந்தவர் யார், முன்னர்ப் பருகுபவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களுக்குப் பாட்டு தரும் விடை, அதனைக் கூறுவார் யாவர் என்பதனைப் பொறுத்து வேறுபடுகின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் பொருள்.

பாலை என்னும் பொழுது

தொல்காப்பியனார் நிலம் பகுத்தவிடத்துப் பாலைக்கெனத் தனிநிலம் வகுத்திலர். நண்பகலும் வேனிலும் அதற்குரிய பொழுதுகள் என்றும், பின்பனியும் உரித்தாகும் என்றும் பொழுதே கூறினர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலையென்னும் வடிவு கொள்ளும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையுள் கூறுதலும் இதனோடு ஒக்கும். எனவே தமிழ்ப் பாலை அரபு நாட்டு மணற்பரப்புப் போல்வதன்று. கார்காலத்தில் நீர் ஓடிய சுனையும் ஓடையும் வேனிலில் வறண்டு கிடக்கும் மலைச்சாரலும் காடுமே அது.

இவ்வேறுபாடு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. எந்நாளும் நீர் காணாத நிலத்தில் செல்வோன் நீரைத் தேடுவதற்குச் சுவடு ஒன்றும் இராது. நீர் இருந்து போன நிலத்திலோ சுவடுகள் பல உள. சுனை என்னும் பெயரே முன்பு அங்கு நீர் இருந்தமைக்குச் சான்று. 'அறுசுனை' என்னும் சொல்லாட்சி நீர் இன்மையை மட்டும் கூறவில்லை. இருந்து அற்றதனைக் கூறுகின்றது. பாலையின் துயர் பெரும்பாலும் பிரிவின் துயர் ஆதலின், இருந்து இல்லாததாகிய நீர் அத்துயர்க்கு இயல்பாகவே பொருந்துகின்றது.

அகழ்ந்த நீர்

பாலை வழியில் செல்வோர்க்குக் கிடைக்கும் நீர் இருவகைத்து. ஒன்று தானே தங்கிய நீர். மற்றொன்று பிறர் அகழ்ந்த நீர். இரண்டாவதனைப் பற்றி நம் திறனாய்வாளர் மிகுதியாகப் பேசுவதில்லை. ஆயின் பாட்டுகள் அதனைப் பலவாறு பேசுகின்றன.

அகநானூற்று 79ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார், உழைப்பால் உரமேறிய கையினையுடைய ஆடவர் தீப்பொறி பறக்கப் பாறையை உடைத்து அமைத்த நீர்க்குழியைக் காட்டுகின்றார். அதன்கண் ஊறும் நீர் உவர்நீர். அதனை நாடிக் கொங்கரின் ஆனிரை மணியொலிப்பச் செல்ல, செந்நிலத்தின் துகள் எழுகின்றது. பெரும்பாணாற்றுப்படையுள் எயினர் குடியின் மகளிர் ஆழ்ந்த கிணற்றிலிருந்து உவர்நீர் கொணர்ந்து உணவு சமைக்கும் செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறுகின்றார். நற்றிணை 240ஆம் பாட்டில் கணிச்சியால் அகழ்ந்த கூவலும், அதன் பக்கத்தே ஆன் பின் செல்வோர் அமைத்த பத்தலும் வருகின்றன. நற்றிணை 92ஆம் பாட்டிலோ வேட்டுவர் சீறூரின் அகன்ற கேணியும், பயன் தரும் ஆனிரைக்கென நீர் நிரப்பிய பத்தரும் வருகின்றன. கூவலாவது கிணறு. பத்தல், பத்தர் என்பன நீர் முகக்கும் கருவிக்கும் நீர் நிரப்பி வைக்கும் தொட்டிக்கும் இடம் நோக்கி வழங்கும் சொற்கள்.

இவற்றுள் ஒன்றேனும் வழிப்போக்கர்க்கென அகழ்ந்தது அன்று. எல்லாம் ஆனிரைக்கும் அந்நிலத்துக் குடிகட்கும் உரியவை. வறண்ட நிலத்தில் நெடுவழி செல்வோன் தனக்கென அமையாத நீரையே நம்பி நடக்கின்றான். இது பழந்தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்க நாட்டில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளும் காண்டினென்டல் டிவைடு டிரெயில் என்னும் நடைவழி 1978இல் அந்நாட்டுச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. அதன் தென்பகுதியாகிய நியூ மெக்சிகோப் பாலையில் நடப்போர், பண்ணையார் தம் மாடுகட்குக் காற்றாலையாலும் கதிரொளி விசைக்குழாயாலும் நீர் ஏற்றி வைத்த தொட்டிகளையே பல இடங்களில் நாடுகின்றனர். பாசி படர்ந்த அந்நீரை வடித்துத் தூய்மை செய்து பருகுகின்றனர். காலமும் நிலமும் பெரிதும் வேறுபட்டும், பாலை நடப்போனுக்கு உயிர் தருவது மாட்டுத்தொட்டியே என்னும் உண்மை வேறுபடவில்லை. நற்றிணைப் புலவர் பத்தலைப் பாட்டினுள் வைத்தது வெறும் மரபு பற்றியன்று, நிலத்தின் உண்மை பற்றி என்பதற்கு இவ்வொப்புமை துணையாகும்.

சுவடு

நீரைத் தேடுவோன் முதலில் தேடுவது நீரையன்று, நீரின் சுவட்டையே ஆகும். அகநானூற்று 155ஆம் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது அது. கோவலர் கூவலிலிருந்து நீர் இறைக்கின்றனர். அவர் பத்தலிலிருந்து ஒழுகிய நீர் சிறு குழியில் தங்குகின்றது. நீர் வேட்கையால் வருந்திய பெருங்களிறு அங்கு வந்தும் அடைதற்கு இடம் பெறாது மிதித்துச் செல்கின்றது. அது மிதித்த அடிச்சுவட்டின் அகத்தே புலி ஒன்று கால் வைத்துக் கடந்து போகின்றது. ஈரம் பட்ட வழியில் யானையின் பெருஞ்சுவடும் அதனுள் புலியின் சிறுசுவடும் கிடக்கும் காட்சி, கூத்தர் முழவின் கண்ணில் பூசிய மண்ணின்மேல் விரலூன்றிய வடுப் போலத் தோன்றுகின்றது என்கின்றார் புலவர்.

உவமையின் நயம் கண்டு நின்றுவிடுவார் பலர். நாம் கருதத்தக்கது வேறொன்று. இப்பாட்டில் நீரைப் பருகிய உயிர் எதனையும் புலவர் காட்டவில்லை. யானை வேட்கையோடு மீண்டது. புலி கடந்து போயிற்று. தலைவனும் அவ்வழியைக் கடந்து போயினன். எஞ்சியது ஈரமும் சுவடுமே. இருந்தவர் சென்றுவிட்டதனை அறிவிப்பது சுவடு. தலைவி கூற்றாக அமைந்த பாட்டுக்கு அதனினும் தக்க பொருள் இல்லை. முழவின் வடு ஒலி நின்றபின் எஞ்சுவது. அடிச்சுவடு உயிர் சென்றபின் எஞ்சுவது. உவமை வடிவொப்புமையால் மட்டும் அன்றி இவ்வொப்புமையாலும் சிறக்கின்றது.

பாலும் கலுழியும்

இனி, ஒரே வகை நீர் இருவேறு கூற்றில் இருவேறு சுவை பெறுதலைக் காண்போம். இதற்கு இரு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துக் கற்றல் வேண்டும்.

முதலாவது குறுந்தொகை 356. பாடியவர் கயமனார். மகளை உடன்போக்கில் இழந்த செவிலியின் கூற்று அது. நிழலும் நீரும் அற்ற வழியில் காதலன் காவலாக விரைந்து சென்ற மகள், வற்றிய சுனையின் பக்கத்தே வெயிலால் மிகச் சுட்டுக் கிடக்கும் கலங்கல் நீரைக் குடிக்க எங்ஙனம் வல்லவள் ஆவாள் என்று செவிலி வருந்துகின்றாள். பொற்கலத்தில் பொரி கலந்து தந்த பாலையும் மிகையென்று உண்ண மறுத்தவள் அவள் என்பது செவிலியின் நினைவு.

இரண்டாவது ஐங்குறுநூறு 203. கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு அது. உடன்போய் மீண்ட தலைவியை நோக்கி, நீ சென்ற நாட்டின் நீர் இனியதன்றே, எங்ஙனம் பருகினாய் என்று தோழி வினவ, தலைவி விடை கூறுவதாகப் பழங்குறிப்பு உரைக்கும். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும், அவர் நாட்டில் தழை மூடிய கிணற்றின் அடியில், மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் இனியது என்பதே விடை.

இவ்விரு பாட்டும் ஒரே துலாக்கோலை ஏந்தி நிற்கின்றன. இரண்டிலும் ஒரு தட்டில் தாயின் வீட்டுப் பால். மற்றொரு தட்டில் அயல்நிலத்துக் கலங்கல். குறுந்தொகை 'கலுழி' என்கின்றது. ஐங்குறுநூறு 'கலிழி' என்கின்றது. சொல் ஒன்றே. செவிலி நிறுத்தபொழுது பாலின் தட்டு தாழ்கின்றது. தலைவி நிறுத்தபொழுது கலுழியின் தட்டு தாழ்கின்றது. நீர் மாறவில்லை. நிறுக்கும் கை மாறிற்று.

இதில் யார் கூற்று உண்மை என்று வினவுதல் பொருந்தாது. செவிலி அந்நீரைக் கண்டவள் அல்லள். தன் அச்சத்தையே அவள் நீராகக் காண்கின்றாள். அந்நீர் சுடுதல் அவள் நெஞ்சு சுடுதலே. தலைவியோ அந்நீரைப் பருகி மீண்டவள். கலங்கல் என்பதனையும், தழை மூடியது என்பதனையும், விலங்கு உண்ட மிச்சில் என்பதனையும் அவள் மறைக்கவில்லை. குறை அனைத்தையும் எண்ணிச் சொல்லியபின் இனிது என்கின்றாள். குறையை மறைத்துப் புகழ்தல் எளிது. குறையைக் கூறிப் புகழ்தலே காதலின் மொழி. இவ்வாற்றால் கபிலரின் சிறு பாட்டு கயமனாரின் பாட்டுக்கு விடை போல நிற்கின்றது. ஒன்றனை மற்றொன்று அறிந்து பாடியது என்று கூறச் சான்றில்லை. அங்ஙனம் கொள்ள வேண்டுவதும் இல்லை.

இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது குறுந்தொகை 262. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டு. ஊரில் அலர் எழுகின்றது, அன்னை வருத்துகின்றாள். அவள் தன் மனையில் தனியே இருக்கட்டும். நீ அவரோடு சென்று, நெல்லி தின்ற வாயோடு, மலைச்சாரலில் யானையின் அடிச்சுவட்டில் தங்கிய நீரை உண்ணுதலை யான் எண்ணினேன் என்று தலைவிக்குக் கூறுகின்றாள் தோழி. செவிலி அஞ்சிய நீரும் தலைவி பருகி மீண்ட நீரும் போலவே இதுவும் எளிய வழிநீர். ஆயின் இத்தலைவி இன்னும் சென்றிலள், இனிச் செல்லவிருப்பவள். யானையின் அடிக்குழிகள் கரும்பு நடும் பாத்தி போன்றன என்பது இங்கு உவமை. வடிவு பற்றி வந்த உவமையாயினும், கரும்பு என்னும் சொல் அந்நீரில் இனிமையைக் கலந்துவிடுகின்றது. நெல்லி தின்றபின் பருகும் நீர் இனித்தல் யாவரும் அறிந்தது. எனவே காட்டில் நடப்போர் அறிவும், கரும்பின் நினைவும், காதலனோடு உண்ணுதல் என்னும் எண்ணமும் ஆகிய மூன்றும் ஒரு குழி நீரை இனிதாக்குகின்றன. சேரர் குடியில் பிறந்த புலவர் அடிச்சுவட்டு நீரை இத்துணை நுட்பமாகப் பாடியது வியத்தற்குரியது.

முன்னர் உண்பார் யார்

சின்னீர் எழுப்பும் மற்றொரு வினா, யார் முன்னர் உண்பது என்பது. கலித்தொகை 11ஆம் பாட்டில், கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு முன்னர் ஊட்டிப் பின்னர்த் தான் உண்ணும் களிறு வருகின்றது. தலைவன் தான் செல்லும் காடு பற்றித் தன்னிடம் உரைத்ததாகத் தலைவி இதனைக் கூறுகின்றாள். அக்காட்சியைக் காணும் தலைவன் தன்னை நினைந்து மீள்வான் என்பது அவள் துணிபு. அன்புடைய பொருள்களை இறைச்சியாகச் சுட்டுதல் வருந்தும் காலத்து வற்புறுத்தலாகும் என்னும் தொல்காப்பியனார் விதிக்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

கீழ்க்கணக்கினுள் மாறன் பொறையனாரின் ஐந்திணை ஐம்பது இக்காட்சியை வேறாக்குகின்றது. சுனையின் நீர் இரண்டு மான்களுக்குப் போதாது என எண்ணிய கலைமான், பிணை இனிது உண்ணும்பொருட்டுத் தான் உண்பதுபோல நடிக்கின்றது. இப்பாட்டின் நயம் பெரிது. மேற்கோளாக மிகுதியும் ஆளப்படுவதும் இதுவே. ஆயினும் இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் பழைய பாட்டே சிறந்தது என்பது என் துணிபு. களிறும் பிடியும் கன்றும் ஒரே நீரைச் சூழ்ந்து நிற்கின்றன. கன்று கலக்குகின்றது, பிடி முன்னர் உண்கின்றது, களிறு பின்னர் உண்கின்றது. மூவர்க்கும் அந்நீரில் பங்குண்டு. அன்பு ஈண்டு வரிசையாக வெளிப்படுகின்றது. கலைமானின் பாட்டில் அன்பு வஞ்சனையாக மாறி, ஒருவரின் வேட்கை தீராதே நிற்கின்றது. மீண்டு வருவான் என ஆற்றுவிக்கும் கூற்றுக்கு, இருவரும் உண்ணும் காட்சியே ஏற்றது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். வளர்ந்த ஆண்யானை பெரும்பாலும் பிடியும் கன்றும் உள்ள கூட்டத்தை விட்டுத் தனித்தோ பிற ஆண்களோடோ திரியும் என்றும், கூட்டத்தை நடத்துவது மூத்த பிடியே என்றும் இக்காலத்து விலங்கியலார் கண்டுள்ளனர். எனவே நெல்லியும் பத்தலும் அடிச்சுவடும் புலவர் கண்டறிந்த செய்திகள் என்று கொள்ளலாம். பிடிக்கு ஊட்டும் களிற்றை அவ்வாறு கொள்ளுதற்கு இல்லை. அது கூற்றின் தேவையால் அமைந்த காட்சி. சங்கப் பாட்டினை நிலநூற் சான்றாகக் கொள்வார் இவ்விரண்டனையும் பகுத்தறிதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நற்றிணை 92இல் பிடியும் கன்றும் உண்ணுமாறு களிறு வில்லை விலக்கி ஊட்டும் நீர், சீறூரார் ஆனிரைக்கென வைத்தது. 240இல் யானைக்கூட்டம் கவர்ந்து கொள்வதும் அத்தகைய நீரே. களிற்றின் அன்பைப் புகழும் நாம், அன்று மாலை வறும் பத்தலைக் கண்ட ஆனிரையை எண்ணிப் பார்ப்பதில்லை. பொருள்தேடப் பிரியும் தலைவனும் ஒருவர்க்கு அன்பு செய்யப் பிறிதொருவர்க்கு இழப்பு விளைப்பவனே. புலவர் இதனை வெளிப்படக் கூறவில்லை. ஆயினும் நீர் யாருக்கென எடுத்தது என்பதனைக் கூறாது விட்டாரும் அல்லர்.

நீரும் நீர்மையும்

இவை அனைத்தின் முடிபாகக் கலித்தொகை 6ஆம் பாட்டைக் கொள்ளலாம். மழை பொய்த்த மலைவழியில் ஆறலைப்போர் அம்பு தைத்து வீழ்ந்தவர், உடலின் நீர் வற்றி நா உலர்ந்து, தண்ணீர் பெறாது தவிக்கின்றனர். அவர் நாவை நனைப்பது அவர்தம் கண்ணீரே. காடு இத்தகைய கொடுமையுடையது என்று கூறித் தலைவியை விட்டுச் செல்ல எண்ணுகின்றான் தலைவன். அவள் விடை கூறுகின்றாள்: என் இயல்பினை அறியாதார் போல இவ்வாறு கூறுதல் உம் இயல்பன்று, வழியில் உம்மோடு துன்பத்திற்குத் துணையாதலின் வேறாக எமக்கு இன்பமும் உண்டோ?

இப்பாட்டில் உண்ணீர், தண்ணீர், கண்ணீர் என நீர் மும்முறை வருகின்றது. தலைவி விடை கூறத் தொடங்கும்போதும் 'நீர்' என்னும் சொல்லையே ஆளுகின்றாள்; ஆயின் அங்கு அதன் பொருள் இயல்பு, நீர்மை. தலைவன் நீர் இல்லை என்று காடு காட்டினான். தலைவி, அந்நீர் கிடக்க, என் நீர்மையை அறிந்திலையோ என்று வினவுகின்றாள். இதனைச் சொல் விளையாட்டு என்று கொள்ளுதல் சிறுமை. காட்டின் கொடுமையை அவள் மறுக்கவில்லை. அங்கு நீர் உண்டு என்றும் கூறவில்லை. நீரின்மை பிரிதற்கு ஏதுவாகாது என்று மட்டும் கூறுகின்றாள். வழியின் வறுமையை அளவாகக் கொண்டு தன் உறவை அளக்க அவள் உடன்படவில்லை.

செவிலிக்குச் சுட்ட நீரும், மீண்ட தலைவிக்கு இனித்த நீரும், செல்லவிருப்பாட்குத் தோழி எண்ணிய நீரும், களிறு பிடிக்கு ஊட்டிய நீரும், பெறாது மாய்ந்தார் கண்ணில் நின்ற நீரும் பாலைப்பாட்டுள் ஒருங்கே நிற்கின்றன. ஆதலின் பாலையை வறட்சியின் பாட்டு என்று கூறி அமைதல் போதாது. எஞ்சிய சிறிது நீரைச் சுற்றி மாந்தர் தம் நெஞ்சை வெளிப்படுத்தும் பாட்டு அது. மாணவர் பாலைப்பாட்டைக் கற்கும்போது, அவ்வழியில் நீர் உளதா இலதா என்று வினவுவதோடு, அதனைப் பற்றிப் பேசுவார் யார், அதனைக் கண்டாரா, கேட்டாரா, அஞ்சினாரா, பருகினாரா என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவினையும் எழுப்புவார்க்கே பாலை தன் சுனையைக் காட்டும்.